செம்மண்ணில் எர்த்: குள்ளஞ்சாவடி வட்டாரத்தில் வீட்டு மின்கார் இணைப்புப் பணி

கடலூரிலிருந்து வடலூர் வழியாக விருத்தாசலம் செல்லும் சாலையில், குறிஞ்சிப்பாடிக்குச் சற்று முன்னதாக அமைந்துள்ள குள்ளஞ்சாவடியும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி மின்நிலையங்களின் அண்டை ஊர்கள். 1956இல் தொடங்கப்பட்ட நெய்வேலி நிறுவனம் 1962இல் தன் முதல் மின்னாக்கியை இயக்கியது. அன்று முதல் இப்பகுதிக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு வேறெந்த ஊருக்கும் குறைந்ததன்று. ஆயினும், மின்நிலையம் பக்கத்தில் இருப்பதால் வீட்டுக்கு வரும் மின்சாரமும் வலுவாக இருக்கும் என்ற எண்ணம் தவறானது. நெய்வேலியில் பிறக்கும் மின்சாரம் உயரழுத்தக் கம்பிகளில் ஏறித் தென் மாநிலங்களின் பொதுக் கட்டமைப்பில் கலந்துவிடுகிறது. குள்ளஞ்சாவடி வீட்டுக்கு வருவது, துணைமின்நிலையம், 11 கிலோவோல்ட் பாதை, தெருக்கோடி டிரான்ஸ்பார்மர் என்று படிப்படியாக இறங்கி, கடைசி அரைக் கிலோமீட்டரைப் பழைய அலுமினியக் கம்பியில் கடந்து வரும் மின்சாரமே. வீட்டில் மின்காருக்கு மின்னேற்ற வசதி அமைக்கும் பணி இந்தக் கடைசி அரைக் கிலோமீட்டரின் வலுவையும், வீட்டுச் சுவருக்குள் ஓடும் கம்பியையும், வாசலுக்கு அடியில் உள்ள மண்ணையும் சார்ந்தது. சுவரில் மாட்டப்படும் பெட்டி இவற்றுக்கெல்லாம் பிற்பட்டது என்பதே, இவ்வட்டாரத்தில் நெடுங்காலம் வீட்டு வயரிங் செய்து, அண்மை ஆண்டுகளில் இப்பணியையும் மேற்கொண்ட கம்பியாளரின் பட்டறிவு. இக்கட்டுரை அப்பட்டறிவை அடியொற்றியது.

தமிழகத்து வீடுகளின் வயரிங், குறுகிய நேரம் ஓடும் சுமைகளை மனத்தில் கொண்டு செய்யப்பட்டது. சுமை என்பது ஒரு கருவி இழுக்கும் மின்திறன். இஸ்திரிப் பெட்டி சூடானதும் தானே நின்றுகொள்கிறது. கிரைண்டர் அரை மணி நேரத்தில் ஓய்ந்துவிடுகிறது. குளிர்சாதனப் பொறியின் கம்ப்ரசர்கூட இடையிடையே நின்றே ஓடுகிறது. மின்காரோ, 15 ஆம்பியர் மின்னோட்டத்தை மாலையில் இழுக்கத் தொடங்கினால் விடியும் வரை சற்றும் குறையாமல் இழுத்துக்கொண்டிருக்கும். 2020 ஜனவரியில் விற்பனைக்கு வந்த டாடா நெக்ஸான் மின்காரின் பேட்டரி 30.2 கிலோவாட்-மணி கொள்ளளவு உடையதாக இருந்தது, அதாவது முப்பது யூனிட்டுக்குச் சற்று மேல். காரோடு தரப்பட்ட 3.3 கிலோவாட் கேபிளைக் கொண்டு அதை முழுவதும் நிரப்ப ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். அரை மணி நேரச் சுமையில் ஒருபோதும் வெளிப்படாத குறைகள் ஒன்பது மணி நேரச் சுமையில் ஒவ்வொன்றாக வெளிப்படுகின்றன.

அவற்றுள் முதலாவது பிளக் பாயிண்டின் சூடு. சுவர்ப் பலகையில் உள்ள 15 ஆம்பியர் சாக்கெட்டின் பித்தளைத் தகடுகள் பல ஆண்டுப் பயன்பாட்டில் விரிந்து, பிளக்கின் முனையை இறுகப் பிடிக்காமல் தளர்ந்திருக்கும். அந்தத் தளர்ச்சியால் தொடுமுனையில் 0.1 ஓம் மின்தடை ஏற்பட்டாலும், 15 ஆம்பியர் ஓடும்போது அந்தச் சிறு புள்ளியில் 22 வாட்டுக்கு மேல் வெப்பம் பிறக்கிறது. சூடு தகட்டை மேலும் தளர்த்துகிறது, தளர்ச்சி சூட்டை மேலும் கூட்டுகிறது. இரண்டு மூன்று மாதங்களில் சாக்கெட்டின் முகம் பழுத்து, பின்பு உருகிவிடுகிறது. எம்சிபி, அதாவது மிகைமின்னோட்டத்தைத் துண்டிக்கும் தானியங்கி ஸ்விட்ச், இதை அறியாது. ஏனெனில் மின்னோட்டம் மிகவில்லை, வெப்பம் மட்டுமே மிகுந்துள்ளது. ஆகையால் பழைய பாயிண்டில் காரைச் செருகுவதைத் தவிர்த்து, மெயின் பலகையிலிருந்து இடையில் எந்தக் கிளையும் பிரியாத தனிச் சுற்று ஒன்றை இழுப்பதே இப்பணியின் தொடக்கம். 3.3 கிலோவாட்டுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும், 7.2 கிலோவாட் சுவர்ப் பெட்டிக்கு 6 சதுர மில்லிமீட்டர் கம்பியும் பொதுவாகப் போதுமானவை. வீட்டின் பின்புறப் பலகையிலிருந்து முன்வாசல் போர்டிகோவுக்கு 30 மீட்டர் தூரம் இருந்தால், 6 சதுர மில்லிமீட்டர் கம்பியிலும் 32 ஆம்பியர் ஓடும்போது ஏறத்தாழ 6 வோல்ட் இழப்பு நேர்வதோடு, கம்பி வழிநெடுக 190 வாட் அளவு வெப்பத்தை உமிழ்ந்துகொண்டிருக்கும். அதனினும் நெடிய தூரங்களுக்கு 10 சதுர மில்லிமீட்டருக்குப் போவது வீண் செலவன்று.

இங்கே சுவர்ப் பெட்டியைப் பற்றிய ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. பேட்டரிக்கு வேண்டியது நேர்மின்னோட்டம். வீட்டுக்கு வருவது மாறுமின்னோட்டம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் கருவி காருக்குள்ளேயே பொருத்தப்பட்டுள்ளது. சுவரில் மாட்டும் பெட்டியும், காரோடு வரும் கேபிளின் நடுவில் உள்ள சிறு பெட்டியும் செய்வது, காரோடு பேசி, எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் மின்சாரத்தைத் திறந்துவிடுவதே. பேச்சு ஒரு மெல்லிய கட்டுப்பாட்டுக் கம்பியின் வழியே நடைபெறுகிறது: பெட்டி 12 வோல்ட் அழுத்தத்தை வைத்திருக்கும், கார் செருகப்பட்டதும் அது 9 வோல்ட்டாகவும், கார் மின்னேற்றத்துக்கு ஆயத்தமானதும் 6 வோல்ட்டாகவும் இறங்கும். நொடிக்கு ஆயிரம் முறை துடிக்கும் அந்தச் சமிக்ஞையின் துடிப்பு அகலமே, எத்தனை ஆம்பியர் வரை இழுக்கலாம் என்பதைக் காருக்கு அறிவிக்கிறது. கேபிள் பிடுங்கப்பட்டாலும் எர்த் அறுந்தாலும் பெட்டிக்குள் இருக்கும் தொடர்பு உடனே விலகிக்கொள்ளும். கைப்பேசிச் செயலி, வைஃபை போன்றவை இதன்மேல் ஏற்றப்பட்ட வசதிகள். அவை இல்லாமலும் வேலை குறைவின்றி நடக்கும்.

7.2 கிலோவாட் பெட்டியே வேண்டும் என்று கேட்கும் வீடுகளில், அந்தத் தேவையை முதலில் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. குள்ளஞ்சாவடியிலிருந்து நெய்வேலிக்கோ கடலூருக்கோ அன்றாடம் வேலைக்குப் போய்வரும் ஒருவர் ஒரு நாளில் 60 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவது அரிது. யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்று கொண்டால், அதற்கு ஒன்பது யூனிட்டும், மின்மாற்றத்தில் நேரும் இழப்பைச் சேர்த்துப் பத்து யூனிட்டும் போதும்; 3.3 கிலோவாட்டில் அது மூன்று மணி நேர வேலை. அவ்வாறிருக்க, 32 ஆம்பியர் பெட்டியை மாட்டி, மின்வாரியத்தில் கூடுதல் சுமைக்கு விண்ணப்பித்து, கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயரையும் மாற்றுவது பெரும்பாலான வீடுகளுக்குத் தேவையற்றது. இரண்டு கார்கள் உள்ள வீடுகளும் வாடகைக் கார் ஓட்டும் குடும்பங்களும் இதற்கு விலக்கு. விற்பனையாளர் பெரிய பெட்டியை வலியுறுத்தும்போது கம்பியாளர் இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுவது, வீட்டுக்காரருக்குச் செய்யும் மெய்யான உதவியாகும்.

வீட்டில் காருக்கு ஏற்றும் மின்சாரம் வீட்டுப் பயன்பாடாகவே கருதப்படும் என்று ஒன்றிய மின்துறையின் வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. எனவே தனி மீட்டர் கட்டாயமன்று. ஆனால் தமிழ்நாட்டில் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்படும் கட்டணம் படிப்படியாக உயர்வது. 500 யூனிட்டைக் கடந்துவிட்டால் கீழ்ப்படிகளுக்கான சலுகையிலும் ஒரு பகுதி கைவிட்டுப் போகிறது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் கார் இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 320 யூனிட் எடுத்துக்கொள்ளும் என்பதால், முன்பு 250 யூனிட்டில் நின்ற வீடு இப்போது அந்த வரம்பைத் தாண்டிவிடும். முதல் கட்டணச் சீட்டு வந்தபின் அதிர்ச்சியடைவதைவிட, இதை முன்கூட்டியே அறிந்திருப்பது நலம்.

இவை அனைத்தினும் மிகுந்த உழைப்பையும் கவனத்தையும் கோருவது எர்த். மின்கருவியின் உலோக உடலை நிலத்தோடு இணைத்து, உள்ளே கசியும் மின்சாரம் மனித உடலின் வழியே செல்லாமல் மண்ணுக்குள் சென்றுவிட வழிசெய்யும் ஏற்பாடே எர்த் எனப்படுவது. குள்ளஞ்சாவடியைச் சூழ்ந்த மேட்டு நிலங்கள், புவியியலார் கடலூர் மணற்கல் என்று பெயரிட்ட படிவத்தின்மேல் அமைந்த, சரளை கலந்த செம்மண் நிலங்கள். முந்திரிக்கும் பலாவுக்கும் உகந்த இந்த மண், நீரை நிறுத்திவைக்காமல் கீழே விட்டுவிடும் இயல்பினது. மண்ணின் மின்கடத்தும் ஆற்றல் அதன் ஈரத்தையும் ஈரத்தில் கரைந்த உப்புகளையும் பொறுத்தது என்பதால், மழைக்காலத்தில் நன்றாக இருக்கும் எர்த் பங்குனி, சித்திரையில் பன்மடங்கு மோசமாகிவிடும். கார்த்திகையில் குழி வெட்டி அளந்து பார்த்து நிறைவடைந்த பணி, கோடையில் தோற்றுப்போவது இதனாலேயே. கிழக்கே பெருமாள் ஏரியை ஒட்டிய வண்டல் நிலங்களில் இவ்விடர் குறைவு.

பழைய வீடுகளில் எர்த் இருக்கிறதா என்று பார்க்கக் கம்பியாளர்கள் கையாண்ட முறை, 100 வாட் குண்டு பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் எரியவிட்டுப் பார்ப்பது. பல்பு பிரகாசமாக எரிந்தால் எர்த் நன்று என்பது தலைமுறைகளாக வந்த நம்பிக்கை. அந்தப் பல்பு எரியும்போது அதன் மின்தடை ஏறத்தாழ 530 ஓம். எர்த்தின் மின்தடை 50 ஓம் ஆக இருந்தாலும், பல்புக்கு 230 வோல்ட்டில் 210 வோல்ட் கிடைத்துவிடுகிறது. இந்த வேறுபாட்டைக் கண்ணால் உணர்வது கடினம். ஆனால் அதே 50 ஓம் எர்த்தில், காரின் உடலோடு ஃபேஸ் கம்பி நேரே தொட்டுவிட்டாலும் ஓடும் மின்னோட்டம் 4.6 ஆம்பியர் மட்டுமே. 16 ஆம்பியர் எம்சிபி அதைச் சாதாரணச் சுமையாகக் கருதி விழாமல் நிற்கும், காரின் உடல் முழுதும் மின்சாரம் பாய்ந்தபடி இருக்கும். பல்பு முறை, எர்த் அறவே இல்லாத வீட்டைக் கண்டறிய உதவுமேயன்றி, எர்த் போதுமா என்பதைச் சொல்லாது. அதற்கு இரண்டு துணை முளைகளை எட்ட எட்ட நிலத்தில் அடித்து அளக்கும் எர்த் டெஸ்டர் வேண்டும்.

நிலத்தொடர்பு பற்றிய இந்தியத் தரநிலையான ஐஎஸ் 3043 கூறும் குழாய் எர்த், 2.5 மீட்டர் நீளமுள்ள துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயைக் குழியில் இறக்கி, அதைச் சுற்றிக் கரியும் உப்பும் மாற்றி மாற்றி இடும் முறையாகும். உப்பு ஈரத்தை ஈர்த்து மின்கடத்தலைக் கூட்டுகிறது. அதுவே சில ஆண்டுகளில் குழாயையும் அரித்துவிடுகிறது. சரளைச் செம்மண்ணில் உப்பு மழைநீரோடு விரைந்து கரைந்து இறங்கிவிடுவதால், அண்மைக்காலமாகப் பென்டோனைட் என்னும் களிமண் கலவையை நிரப்பும் வழக்கம் பரவியுள்ளது. நீரை உறிஞ்சி உப்பிக் குழாயைப் பற்றிக்கொள்ளும் அக்களிமண் இந்த நிலத்துக்கு உப்பைவிடப் பொருத்தமானது. ஒரு குழாயில் மின்தடை போதிய அளவு குறையாவிடில், அதன் நீளத்தைப்போல் இரு மடங்கு தள்ளி மற்றொன்றை இறக்கி இரண்டையும் பட்டைக் கம்பியால் இணைக்கும்போது மின்தடை பாதியளவுக்கு வந்துவிடுகிறது. இரண்டையும் நெருக்கமாக இறக்குவது பயன் தராது; ஏனெனில் இரண்டும் ஒரே மண்ணையே பங்கிட்டுக்கொள்கின்றன.

எர்த் சரியில்லாத வீட்டில் காரோடு வந்த கேபிள் சிவப்பு விளக்கைக் காட்டி மின்னேற்றம் செய்ய மறுத்துவிடும். அப்போது சிலர் கையாளும் குறுக்கு வழி, சாக்கெட்டின் எர்த் முனையையும் நியூட்ரல் முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுவது. சிவப்பு விளக்கு அணைந்து பச்சை எரியும், கார் மின்னேற்றத் தொடங்கும், வீட்டுக்காரரும் மகிழ்ச்சியடைவார். இந்தத் துண்டுக் கம்பியைக் காட்டிலும் கொடிய ஒன்றை வீட்டு மின்பணியில் காண்பது அரிது. நியூட்ரல் என்பது டிரான்ஸ்பார்மரில் நிலத்தோடு இணைக்கப்பட்டு, சுமையின் மின்னோட்டத்தைத் திருப்பி எடுத்துச்செல்லும் கம்பி. காற்றில் கம்ப மூட்டு விட்டாலும், இரு கம்பியிலும் ஃபியூஸ் வைத்த பழைய பலகைகளில் நியூட்ரல் ஃபியூஸ் உருகினாலும், வீட்டிலுள்ள மின்விசிறி, விளக்கு ஆகியவற்றின் வழியே ஃபேஸின் 230 வோல்ட் அறுந்த நியூட்ரலுக்கு வந்து, அத்துண்டுக் கம்பியின் வழியே காரின் உடல் முழுவதும் பரவும். கார் நான்கு ரப்பர் சக்கரங்களின்மேல் நிலத்தோடு தொடர்பின்றி நிற்பதால் அந்த மின்சாரம் மண்ணுக்குப் போக வழியில்லை. ஈரமான சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நின்று கதவின் கைப்பிடியைத் தொடும் மனிதரே அதற்கு முதல் வழியாகிறார். அந்த இணைப்பு மீட்டர்ப் பலகையில் செய்யப்பட்டிருந்தால், கசிவைக் கண்டறியும் கருவிக்கு வெளியே மின்னோட்டம் சுற்றிச் சென்றுவிடுவதால், அக்கருவியும் விழாது. மின்விநியோகம் மிகச் சீராக உள்ள பிரிட்டனிலேயே, நியூட்ரலையே எர்த்தாகப் பயன்படுத்தும் இணைப்பு கொண்ட வீடுகளில், தக்க கூடுதல் பாதுகாப்பு இன்றி அந்த எர்த்தை வெளிப்புறக் கார் மின்னேற்றத்துக்குக் கொடுப்பதை வயரிங் விதிகள் தடுக்கின்றன. 2011 டிசம்பர் 30இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலில் முந்திரித் தோப்புகளோடு மின்கம்பங்களும் வரிசை வரிசையாகச் சாய்ந்ததைக் கண்ட ஒரு வட்டாரத்தில், நியூட்ரல் ஒருநாளும் அறாது என்று நம்பி ஒரு குடும்பத்தின் உயிரை அதன்மேல் வைப்பதற்கு எந்தக் கம்பியாளருக்கும் உரிமையில்லை. அவசரப்படுத்தும் வீட்டுக்காரரிடம், எர்த் முடியும் வரை கார் நிற்கட்டும் என்று சொல்லிவிடுவதே முறை.

கசிவைக் கண்டறியும் கருவியாகிய ஆர்சிசிபி, ஃபேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று பார்த்து, வேறுபாடு 30 மில்லிஆம்பியரை எட்டுவதற்குள் சுற்றைத் துண்டிப்பது. எர்த் 50 ஓம் ஆக இருக்கும் வீட்டிலும் உயிரைக் காக்க வல்லது இதுவே. இதில் வகை பார்த்து வாங்க வேண்டும். கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் ஏசி வகை, மாறுமின்னோட்டக் கசிவை மட்டுமே உணரும். காரின் உள்மாற்றியில் பழுது ஏற்பட்டு நேர்மின்னோட்டம் கசிந்தால், அக்கருவியின் இரும்பு வளையம் காந்தத்தால் நிறைந்து, பிற கசிவுகளையும் உணராமல் மரத்துப்போகும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள், கார் மின்னேற்றச் சுற்றுக்குக் குறைந்தது ஏ வகையைக் கோருகின்றன. 6 மில்லிஆம்பியர் நேர்மின்னோட்டக் கசிவைத் தானே கண்டறியும் சுவர்ப் பெட்டியாக இருந்தால் ஏ வகை போதும். இல்லையெனில் விலை மிகுந்த பி வகையே முழுப் பாதுகாப்பு.

அடுத்தது மின்னழுத்தக் குறைவு. வயல்களின் ஆழ்துளைக் கிணற்று மோட்டார்கள் ஓடும் வேளைகளிலும் மாலை ஆறு முதல் பத்து வரையிலும், பாதையின் கடைக்கோடி வீடுகளில் அழுத்தம் 180 வோல்ட் வரை இறங்குவதுண்டு. இதற்கு ஸ்டெபிலைசர் வாங்கிவைக்கும் யோசனை எளிதில் எழும். காருக்கு அது பொருந்தாது. 180 வோல்ட்டை 230 ஆக உயர்த்தி 15 ஆம்பியர் கொடுக்க, ஸ்டெபிலைசர் கம்பத்திலிருந்து 19 ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. ஏற்கெனவே தளர்ந்த பாதை மேலும் தளர்கிறது. அண்டை வீட்டு விளக்கு மங்குகிறது. வசதி இருந்தால் காரின் திரையில் மின்னோட்டத்தை 10 ஆம்பியருக்குக் குறைத்து, இரவு பதினொன்றுக்குமேல் தொடங்குமாறு நேரம் குறித்துவிடுவது செலவில்லாத தீர்வு. மும்முனை இணைப்புள்ள வீடுகளில் நியூட்ரல் விட்டுப்போனால், சுமை குறைந்த ஃபேஸில் அழுத்தம் 400 வோல்ட்டை நெருங்கும்; ஆகவே மிகையழுத்தத்தில் துண்டிக்கும் ரிலேயும், இடியால் வரும் திடீர் அழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பும் எஸ்பிடி என்னும் கருவியும் திறந்த வெளியில் தனித்து நிற்கும் வீடுகளுக்கு இன்றியமையாதவை. எஸ்பிடியின் பயனும் எர்த்தின் தரத்தைப் பொறுத்ததே.

இவ்வூர் வீடுகளில் கார் நிற்குமிடம் பெரும்பாலும் முன்வாசல் போர்டிகோ, அல்லது பக்கவாட்டில் இறக்கிய தகரக் கொட்டகை. அதே இடத்தில் நெல் மூட்டையும், முந்திரிக்கொட்டைச் சாக்கும், சில வீடுகளில் வைக்கோலும் கிடக்கும். எண்ணெய் நிறைந்த முந்திரி ஓடு எளிதில் தீப்பற்றும் என்பதால், சாக்கெட் உள்ள சுவரை ஒட்டி எதையும் அடுக்கக் கூடாது. மின்சார ஆணையத்தின் விதிமுறைகள் சாக்கெட்டைத் தரைமட்டத்திலிருந்து 800 மில்லிமீட்டருக்குக் குறையாத உயரத்திலும், காரின் இணைப்பு முனையிலிருந்து 5 மீட்டருக்குள்ளும் அமைக்கச் சொல்கின்றன; எக்ஸ்டென்ஷன் வயரைத் தடை செய்கின்றன. 2015 நவம்பர் வெள்ளத்தில் குறிஞ்சிப்பாடி வட்டாரத்துத் தாழ்நிலங்களில் நீர் நின்றதை எண்ணி, அத்தகைய வீடுகளில் ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிடுவது நன்று. தகரக் கொட்டகையின் இரும்புத் தூண்களையும் எர்த்தோடு இணைத்துவிட வேண்டும்.

நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி பாதியளவு ஈரம் கொண்டது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எரிகிறது. அந்த எரிப்பைக் குறைக்க விரும்புவோருள், பணி ஓய்வு பெற்றவர்களின், பகலில் கார் வாசலிலேயே நிற்கும் வீடுகளுக்கு, கூரையில் 3 கிலோவாட் சூரிய மின்தகடு அமைத்து முற்பகல் பத்து முதல் பிற்பகல் மூன்று வரை காரை ஏற்றுவது மிகப் பொருத்தமானது. நாளொன்றுக்குக் கிடைக்கும் பன்னிரண்டு யூனிட், 70 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் போதும். காலையில் காரோடு வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்பும் வீடுகளில் இந்தப் பொருத்தம் அமைவதில்லை. அங்கே தகடுகள் வீட்டுக் கட்டணத்தைக் குறைக்க உதவும்.

பணி முடிந்ததும் கம்பியாளர் வீட்டுக்காரரிடம் ஒப்படைக்க வேண்டியவற்றுள் ஒரு தாளும் உண்டு. தனிச் சுற்று எங்கே தொடங்கி எவ்வழியே செல்கிறது, கம்பியின் அளவு என்ன, எர்த் குழாய்கள் எங்கே புதைந்துள்ளன, அளந்த நாளில் எத்தனை ஓம் என்பனவற்றை அதில் எழுதி, மெயின் பலகையின் கதவுக்கு உட்புறம் ஒட்டிவிட வேண்டும். ஏனெனில் அடுத்த பழுதுக்கு வருபவர் வேறொரு கம்பியாளராக இருக்கலாம். ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும் என்பதும், முதல் சில வாரங்கள் இரவில் இரண்டு மணி நேரம் ஓடியபின் பிளக்கைத் தொட்டுச் சூடு பார்க்க வேண்டும் என்பதும் அதே தாளில் இடம்பெறும். முதல் கோடையில் எர்த்தை மீண்டும் அளந்து, அந்த எண்ணைப் பழைய எண்ணுக்குக் கீழே தேதியோடு எழுதும் வரை அந்த வீட்டின் பணி முடிந்ததாகக் கணக்கில்லை.